லேப் டெக்னீஷியன் தடயவியல் பக்கம் போக முடியுமா? கிருஷ்ணகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கேட்டவர் கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன், மருத்துவ ஆய்வக டிப்ளமோவான டி.எம்.எல்.டி. முடித்தவர். சி.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் தொடரில் வரும் கிரெக் சாண்டர்ஸ் லேபிலிருந்து கிளம்பி, குற்றம் நடந்த இடத்தில் வேலை செய்பவராக மாறுகிறாரே, அப்படி நம் ஊரில் மாற முடியுமா என்று கேட்கிறார். என்ன படிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். கூடவே, "நான் கொஞ்சம் கிறுக்கு மாதிரி ஆள், டியூபோடு பேசுவேன், தலைக்குக் கலர் அடிப்பேன், அது இடிக்குமா?" என்று ஒரு கேள்வி. தருமபுரி, சேலம் பக்கம் தடயவியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

வழி உண்டு தம்பி. ஆனால் தொடரில் காட்டுகிற வழி அல்ல.

தொடரை முதலில் முடித்துவிடுவோம். 2000 முதல் 2015 வரை ஓடியது. எரிக் ஸ்மாண்டா நடித்த அந்த கிரெக், டி.என்.ஏ. லேபில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு, முடியைக் குத்திட்டு நிற்க வைத்துக்கொண்டு இருப்பார். அப்புறம் பயிற்சி எடுத்துக் களத்துக்குப் போவார். எனக்கும் பிடித்த பாத்திரம்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரே ஆள் ரத்தத்தைத் தொட்டு எடுக்கிறார், லேபில் பரிசோதிக்கிறார், சந்தேக நபரை உட்கார வைத்துக் கேள்வியும் கேட்கிறார். அசல் லாஸ் வேகாஸ் காவல்துறையிலேயே அப்படிக் கிடையாது. அங்கே குற்ற இடத்தை ஆராய்பவர்கள் போலீஸ் அதிகாரிகள் அல்லாத சிவிலியன் ஊழியர்கள். விசாரணை டிடெக்டிவ்களுடைய வேலை.

நம் பக்கம் பிரிவினை இன்னும் கறாராக இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு கொலை என்று வையுங்கள். வழக்கின் புலனாய்வு அதிகாரி இன்ஸ்பெக்டர். எல்லோரும் ஐ.ஓ. என்பார்கள். கைரேகைப் பிரிவு தனியாக வரும், மோப்பநாய் தனியாக வரும், போட்டோ எடுப்பவர் வருவார். குற்ற இடத்தில் எழுதும் மகஜரில் வி.ஏ.ஓ. சாட்சிக் கையெழுத்துப் போடுவார். மாவட்டத் தலைநகரில் இருக்கும் நடமாடும் தடய அறிவியல் ஆய்வகத்திலிருந்து அறிவியல் அலுவலர் ஒருவர் வருவார். நீங்கள் ஆசைப்படுகிற நாற்காலி அதுதான். எதை எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும், எதில் போட்டுக் கட்ட வேண்டும் என்பது அவர் பொறுப்பு. யார் செய்தது என்று அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. எடுத்த பொருட்கள் நீதிமன்றம் வழியாக சேலம் மண்டல ஆய்வகத்துக்கோ சென்னைக்கோ போகும். அறிக்கை வர எத்தனை மாதம் ஆகும் என்பது அங்கே குவிந்திருக்கும் வழக்குகளைப் பொறுத்தது. நாற்பது நிமிடத்தில் எதுவும் முடியாது.

இந்த நாற்காலிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்ச் சான்றுகளைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோவாகப் பதிய வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதைக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசம். முன்பெல்லாம் ஐ.ஓ. கூப்பிட்டால் போவோம், கூப்பிடாவிட்டால் இல்லை. இனி அவர் விருப்பத்துக்கு விட முடியாது. அப்படியானால் ஆட்கள் தேவைப்படும். இது உங்களுக்கு நல்ல செய்தி.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். லேபில் கைபழகியவர்தான் ஸ்பாட்டில் நன்றாக மாதிரி எடுப்பார் என்பது என் கட்சி. துறையிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஸ்பாட் என்பது அனுபவத்தால் வருவது, டியூப் பிடித்தவனுக்கு அங்கே என்ன தெரியும் என்பார்கள். நான் சொல்வது வேறு: மோசமாக எடுத்த ஒரு மாதிரி லேபுக்கு வந்து, அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறவருடைய எரிச்சல் இருக்கிறதே, அது தெரிந்தவர் ஸ்பாட்டில் அவசரப்பட மாட்டார்.

நீங்கள் தினமும் தொடும் டியூபையே எடுத்துக்கொள்வோம். சாம்பல் மூடி டியூபில் சுகர் எடுக்கிறீர்கள். அதில் சோடியம் புளோரைடு இருப்பதால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்காமல் நிற்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரின் ரத்தத்தையும் அந்தச் சாம்பல் மூடியில்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சேரும் நுண்ணுயிர்கள் வழியில் தாங்களே ஆல்கஹாலை உண்டாக்கும், அல்லது இருப்பதைக் குறைக்கும். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது உங்களுக்குக் கையோடு ஒட்டிய பழக்கம். அந்த வழக்கில் அதைச் செய்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு விருந்து வைத்த மாதிரி. டி.என்.ஏ.வுக்கு ரத்தம் என்றால் ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி.க்கு நீங்கள் எடுக்கிற ஊதா மூடி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. போட்டது. பச்சை மூடியில் எடுத்துவிட்டால் அதிலிருக்கும் ஹெப்பாரின், டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். இதெல்லாம் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிறவர்களுக்குக் குழம்பும். உங்களுக்கு மூடியின் நிறம் பார்த்தாலே கை தானாகப் போகும்.

அதே பழக்கம் சில இடத்தில் காலை வாரும். பயாப்சி என்றால் ஃபார்மலின் என்று உங்களுக்குத் தெரியும். விஷச் சாவில் உள்ளுறுப்புகளை, நாங்கள் விசரா என்போம், ஃபார்மலினில் போடக் கூடாது. பெரும்பாலும் உப்பைக் கரையாத அளவுக்குப் போட்ட கரைசல்தான். ஃபார்மலின் திசுவை இறுக்கிவிடும், விஷத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டமாகும். நம் மாநிலத்துத் தடயவியலின் தொடக்கமே இந்த விஷ வேலைதான். 1849-லேயே சென்னையில் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது, இந்தியாவில் அதுதான் முதல். கல்கத்தாவும் ஆக்ராவும் பம்பாயும் அதற்குப் பிறகுதான்.

ரத்தக் கறை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கும் என் தொழிலுக்கும் நடுவில் இருக்கிற பாலம் இதுதான். எங்களுக்கு ரத்தம் டியூபில் வராது. காய்ந்து கறுத்து, மண்ணோடு கலந்து, எறும்பு மொய்த்து வரும். ஈரமான ரத்தச் சட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் வெயிலில் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். அறிக்கையில் "ரத்தம் சிதைந்துள்ளதால் வகை கண்டறிய இயலவில்லை" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரியால் வழக்கு எவ்வளவு பலவீனமாகும் என்பதை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும்.

சாணி மெழுகிய தரையில் ரத்தம் சிந்தியிருந்தால் கறையைச் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. பக்கத்திலேயே கறை இல்லாத இடத்திலிருந்தும் கொஞ்சம் சுரண்டித் தனியாகக் கட்ட வேண்டும். உங்கள் லேபில் தினம் காலையில் கன்ட்ரோல் போட்டுப் பார்க்கிறீர்களே, அதேதான். தரையே சோதனையில் நிறம் காட்டுகிறதா, ரத்தம் காட்டுகிறதா என்று பிரிக்க வேறு வழி இல்லை. ஸ்பாட்டில் நாங்கள் போடுகிற பினாஃப்தலீன் சோதனை ரத்தம் என்றால் இளஞ்சிவப்பாக மாறும். முள்ளங்கி மாதிரிச் சில காய்கறிகளின் சாறுக்கும் அது மாறும், தாவரங்களில் இருக்கும் பெராக்ஸிடேஸ் நொதி காரணம். ஆகவே இளஞ்சிவப்பு வந்தது என்றால் "ரத்தமாக இருக்கலாம்" என்று மட்டுமே எழுத வேண்டும். உறுதி செய்வது லேபில்.

சரி, ரத்தம்தான் என்று முடிவானாலும் யாருடையது, எதனுடையது? நம் பக்கத்தில் அரிவாளில் ரத்தம் இருந்தால் "கிடா வெட்டினோம் சார்" என்பதுதான் முதல் பதில். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும், பண்டிகை முடிந்த வாரமாக இருந்தால் இன்னும் அதிகம். மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று பிரிக்கும் பிரெசிபிடின் சோதனையை 1901-லேயே ஜெர்மனியின் ஊலன்ஹூத் கண்டுபிடித்தார். அந்த அடிப்படை இன்னும் பயன்படுகிறது. கோழி ரத்தம் என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்: புதிய ரத்தத்தில் ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், சிவப்பணுவுக்குள் நியூக்ளியஸ் இருக்கும். மனிதச் சிவப்பணுவில் இருக்காது. அதனால்தான் மனித ரத்தத்தில் டி.என்.ஏ. வேண்டும் என்றால் வெள்ளையணுக்களிடம் போகிறோம். நீங்கள் தினம் எண்ணுகிற அதே வெள்ளையணுக்கள்.

லேபிலிருந்து களத்துக்குப் போனவர் என்றால் நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது, லாஸ் வேகாஸ் வரை போக வேண்டாம். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது தமிழ்நாடு தடயவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். அவர் போலீஸ்காரர் அல்ல, விஞ்ஞானி. குண்டு எங்கோ வைக்கப்பட்டதா, வீசப்பட்டதா, மாலைக்குள் இருந்ததா என்று ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. உடல்களின் சிதைவையும் சிதறிய துணித் துண்டுகளையும் வைத்து, ஒரு பெண் தன் உடலில் பெல்ட்டாகக் கட்டியிருந்த குண்டு அது என்ற முடிவுக்கு வந்தார். வெடிப்பில் இறந்த போட்டோகிராபரின் கேமராவில் இருந்த படங்கள் வழக்கையே திருப்பிப் போட்டன. அங்கே சிதறிக் கிடந்த ஆயிரம் பொருளில் எது குப்பை, எது தடயம் என்று தெரிகிற கண்தான் இந்தத் தொழில்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேலை பார்த்தால் உங்களுக்கு வரக்கூடியது பெரும்பாலும் இவ்வளவு பெரிய வழக்காக இருக்காது. தொப்பூர் கணவாயிலும் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலும் இடித்துவிட்டு நிற்காமல் போகிற வண்டிகள் அதிகம். இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் டார்ச் அடித்துக்கொண்டு கண்ணாடித் துண்டும் பெயின்ட் செதிலும் பொறுக்குவீர்கள். பெயின்ட் செதிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லாரிக்கு மேலே மேலே அடித்த பெயின்ட் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாக நிற்கும். சந்தேக வண்டியில் அதே வரிசை இருந்தால் பலமான சான்று. ஹெட்லைட் துண்டு, வண்டியில் மிச்சமிருக்கும் துண்டோடு விளிம்புக்கு விளிம்பு பொருந்தினால் அதற்கு மேல் வாதமே கிடையாது.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் வரும். காட்டுப்பன்றிக்கு என்று வைத்திருப்பார்கள், ஆள் மேலே பட்டுவிடும். தொடரில் பார்த்த மாதிரி தோட்டாவை ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து இரண்டு கோடுகளைப் பொருத்துகிற வேலை இதில் நடக்காது. குழாய் வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் போட்டு இடிக்கிற துப்பாக்கி அது. துப்பாக்கியின் ஊசி குத்திய அடையாளத்தோடு கீழே விழுகிற தோட்டா உறையே கிடையாது. குழாயில் மிச்சமிருக்கும் கருமருந்துப் படிவு, காயத்தின் அளவு, சிதறிய பரப்பிலிருந்து கணக்கிடும் தூரம், இவற்றை வைத்துத்தான் பேச வேண்டும். சட்டவிரோத மின்வேலியில் ஆளோ யானையோ இறந்தால் அதுவும் உங்கள் வேலையில் வரும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கம் மூன்று யானைகள் அப்படித்தான் இறந்தன. அங்கே வேலிக்குக் கம்பி எங்கிருந்து வந்தது, எதில் கொக்கி மாட்டியது என்பதுதான் தடயம், யாரோ வந்து பிடுங்குவதற்குள் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் கிறுக்குத்தனம். தலைக்குக் கலர் அடிப்பது யாருக்கும் பிரச்சினை இல்லை, தொப்பிக்குள் இருக்கிறவரை. உங்கள் முடி ஒன்று அங்கே விழுந்தால் அது உங்கள் முடி என்று நிரூபிப்பதே தனி வேலையாகிவிடும். டியூபோடு பேசுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திறந்த மாதிரிக்கு மேலே பேசினால், இருமினால், பாடினால் எச்சில் துளி விழும், எச்சிலில் உங்கள் டி.என்.ஏ. இருக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு மௌனமாக எடுக்க வேண்டும். பேசியே ஆக வேண்டுமென்றால் வெளியே போய் நாயோடு பேசலாம், மோப்பநாய்க்காரர் கோபிக்காமல் இருந்தால்.

ஆனால் வேறு சில கிறுக்குகள் இந்தத் தொழிலில் சொத்து. லேபிளை நேராக ஒட்டாவிட்டால் தூக்கம் வராத ஆள், எழுதியதை மறுபடி படித்துப் பார்க்கிற ஆள், "இது எங்கிருந்து வந்தது" என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கடுப்பேற்றுகிற ஆள், இவர்களைத்தான் நான் என் கூட வைத்துக்கொள்வேன். அரக்கு முத்திரை உடையாமல் வந்ததா, முத்திரை மாதிரியோடு ஒத்துப்போகிறதா, உறையில் எழுதியிருப்பதும் கடிதத்தில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்ப்பதிலேயே ஒரு வழக்கு நிற்கும் அல்லது விழும். சாட்சிக் கூண்டில் நிற்கும்போது வக்கீல் அறிவியல் கேட்பதைவிட இதைத்தான் அதிகம் கேட்பார். அங்கே வேடிக்கைப் பேச்சு வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

படிப்பு பற்றி. டி.எம்.எல்.டி. மட்டும் போதாது, அதைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள், முதுகலை அறிவியல் பட்டம் கேட்பார்கள். எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் என்பது அந்தந்த அறிவிப்பில் இருக்கும், அதை வரி விடாமல் படியுங்கள். வேதியியல் எடுத்தவர்களுக்கு விஷம், வெடிபொருள், போதைப்பொருள் என்று பல பிரிவுகள் திறக்கும், அதனால் என் சாய்வு வேதியியல் பக்கம். உயிரியல் எடுத்தால் ரத்தம் போன்ற உடல் திரவங்களைப் பார்க்கும் சீராலஜி, டி.என்.ஏ. உங்கள் அனுபவத்துக்கு அது கிட்டத்தில் இருக்கும். தருமபுரி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பைசுஅள்ளியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டுத் தூரம் போகத் தேவையில்லாமல் என்ன பாடம் கிடைக்கிறது என்று முதலில் அங்கே விசாரியுங்கள். தடயவியலிலேயே முதுகலை வேண்டும் என்றால் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் உண்டு. செலவையும் தூரத்தையும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் மூன்று மாதத்தில் தடயவியல் நிபுணர் ஆக்குகிறேன் என்று விற்கிற சான்றிதழ்களை வாங்காதீர்கள். ஆர்வத்துக்குப் படிக்கலாம், அரசு வேலைக்கு ஒரு பைசா உதவாது.

இன்னொரு கதவு கைரேகை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கைரேகைப் பிரிவுக்கு நேரடியாக சப்-இன்ஸ்பெக்டர்களை எடுத்திருக்கிறது, 2018-ல் அப்படி ஒரு அறிவிப்பு வந்தது. அறிவியல் பட்டம் இருந்தால் போதும், முதுகலை தேவையில்லை. இதில் நீங்கள் உண்மையிலேயே போலீஸ்காரர் ஆகிறீர்கள், ஸ்பாட்டுக்கும் முதல் ஆளாகப் போவீர்கள். ஆனால் வயது வரம்பு இறுக்கமானது, அறிவிப்பும் ஆண்டுதோறும் வராது. துறையில் ஆய்வக உதவியாளர் பணியிடங்களும் உண்டு. அதில் சேர்ந்து உள்ளே இருந்தபடியே படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெதுவான வழி, ஆனால் உள்ளே இருப்பது தனிப் பலம்.

கடைசியாக ஒரு நுணுக்கம், இதில் நிறைய பேர் சிக்குகிறார்கள். பத்து, பன்னிரண்டு, அப்புறம் மூன்றாண்டுப் பட்டம், அப்புறம் முதுகலை என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். டிப்ளமோவை வைத்து நேராகத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை வாங்கினால் செல்லாது. உங்களிடம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு டிப்ளமோ மட்டும் இருக்கிறது என்றால், இந்த ஜூனிலேயே பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போடுங்கள். பட்டத்தின் பெயர் அறிவிப்பில் உள்ள பெயரோடு வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை கேட்பார்கள். சேரும் முன்பே அது இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.